ஊசியக்காவின் கோடைப் பட்டியல்

"அதோ பாருங்க, உங்க துணிக்கம்பியில தேன்சிட்டு. கழுத்து அப்படியே ஊதா மூடி கலர். கண்ண எடுக்காதீங்க, இப்போ தலைகீழா தொங்கும்" என்கிறாள். நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருக்கும் பெரியவர் கழுத்தைத் திருப்பி ஜன்னல் வழியாகத் தேடுகிறார். குருவி சொன்ன சொல் தவறாமல் தலைகீழாகத் தொங்குகிறது. "அட!" என்று அவர் வாயைத் திறக்கும்போது முதல் குழாயில் பாதி ரத்தம் ஏறிவிட்டிருக்கிறது. "எப்பம்மா குத்தப்போற?" என்று கேட்கிறார். "அது எப்பவோ குத்தியாச்சு. நீங்க குருவியப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இரண்டாவது குழாயைச் செருகுகிறாள்.

ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்பதால் காலை ஏழேகாலுக்கு முதல் வீடு, ஒன்பதரைக்குள் கடைசி வீடு. ஸ்கூட்டரின் முன்பக்கம் ஐஸ் பெட்டி, தோளில் ஒரு பை, கழுத்தில் பைனாகுலர். வயது நாற்பத்தேழு. பெயர் யாருக்கும் நினைவில்லை, ஊசியக்கா என்றால் நான்கு பேட்டை முழுக்கத் தெரியும். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட "அக்கா வந்தாச்சா?" என்றுதான் நிலையத்துக்கு போன் செய்கிறார்கள்.

முதலில் எல்லாரும் இதை ஒரு தந்திரம் என்றே நினைப்பார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், "சின்னப் பிள்ளைக்கு நிலா காட்ற கதையெல்லாம் என்கிட்ட வேணாம்" என்று முறைத்தார். "நிலா இல்ல சார், ஓணான். உங்க தண்ணி பைப் மேல. தாடை செவந்திருக்கு, பொண்ணு பாக்க வந்திருக்கான்" என்றாள். ஓணான் இருந்தது. தாடையும் சிவந்துதான் இருந்தது. இல்லாததை அவள் ஒருபோதும் இருப்பதாகச் சொன்னதில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை என்றால், "இன்னிக்கு ஒண்ணும் இல்ல, பல்லக் கடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குத்துவாள். ஏன் சும்மாவாவது ஒரு பெயரைச் சொன்னால் என்ன என்று நிலையத்துப் பெண்கள் கேட்டால், "பொய் சொன்னா எனக்குக் கை நடுங்கும்டி. அப்புறம் நரம்பு எங்க கெடைக்கும்?" என்பாள்.

அந்த ஊரில் கோடைப் பட்டியல் என்று ஒன்று உண்டு. கோடை தொடங்கும் நாளிலிருந்து முதல் மழை வரை, யார் எந்தப் பறவையை, பூச்சியை, செடியை எங்கே கண்டார்கள் என்று எழுதிச் சேர்க்கிற பட்டியல். பதினைந்து பேர் கொண்ட கூட்டம். இதில் படித்துப் பட்டம் வாங்கிய நிபுணர் யாரும் கிடையாது. புல் வகைகளைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காத மருந்துக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். பஸ் கண்டக்டர் ஒருவர், "ஆறாவது ஸ்டாப்புக்கும் ஏழாவதுக்கும் நடுவுல கீரி ஒண்ணு, ரோட்ட கிராஸ் பண்ணுச்சு, டிக்கெட் எடுக்கல" என்று அனுப்புவார். எல்லாவற்றையும் வாங்கிச் சரிபார்த்து, மழைக்குப் பிறகு நான்கு பக்கம் அச்சடித்துக் கொடுப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பட்டியல்காரர் என்றால் அவர்தான். நாள், நேரம், இடம், பெயர் என்று கட்டம் கட்டி, கடைசியில் இரண்டு கட்டம் வைத்திருப்பார்: பார்த்தது, கேட்டது. இரண்டில் ஒன்றில் டிக் அடிக்காத குறிப்பை அவர் கையால்கூடத் தொடமாட்டார்.

மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கும் ஏரிக்கும் போய்ப் பார்ப்பதை ஊசியக்கா வாரம் ஆறு நாளும் பிறத்தியார் வீட்டு ஜன்னலில் பார்த்துவிடுவாள். படுக்கையறை, சமையலறை, மாடிப்படி, கழிவறைக்குப் பின்னால் யாரும் எட்டிப்பார்க்காத சந்து என எல்லாவற்றுக்குள்ளும் கௌரவமாக நுழைகிற உரிமை அவளுக்கு மட்டும்தான் இருக்கிறது. குழாயில் ஒட்டுகிற ஸ்டிக்கரைக் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்புவாள். "மூன்றாம் மாடி, சர்க்கரை நோயாளி வீட்டுப் பால்கனி, எலுமிச்சைத் தொட்டியில் புழு நான்கு, ஒன்று கூட்டுப்புழு ஆகிவிட்டது" என்று ஒரு தடவை எழுதினாள். பட்டியல்காரர் தலையில் அடித்துக்கொண்டு, "புழுவுக்கு சர்க்கரை இருந்தா எழுதுங்க, வீட்டுக்காரருக்கு இருக்கறது நமக்கெதுக்கு?" என்றார்.

நிறத்தைக்கூட அவள் தொழிலிலிருந்துதான் எடுப்பாள். ரத்தம் பிடிக்கிற குழாய்களின் மூடிகள் சோதனைக்கு ஒரு நிறம். தேன்சிட்டின் கழுத்து ஊதா மூடி, மீன்கொத்தியின் முதுகு நீல மூடி, கிளி பச்சை மூடி, சர்க்கரைக்கு எடுக்கிற சாம்பல் மூடி புறாவுக்கு. இந்தப் பாஷை புரியாமல் திண்டாடிய பட்டியல்காரர், கடைசியில் நிலையத்துக்கே வந்து எல்லா மூடியிலும் ஒவ்வொன்று வாங்கிப்போய்த் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வரிசையாக வைத்திருக்கிறார். கண்ணாடிக்கு அளவு கொடுக்க வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டு இது என்ன புது மாதிரி கண் சோதனையோ என்று குழம்புகிறார்கள்.

ஒரு வீட்டில் அழைப்புமணியின் ஒயரில் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது. மணியை அழுத்தினால் கூடு அதிரும். அந்த வீட்டம்மாவிடம் பேசிப்பேசி, முட்டை பொரிந்து குஞ்சு பறக்கும்வரை மணியை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டாள். பால்காரர், கூரியர்காரர், சொந்தக்காரர் எல்லாரும் ஒரு மாதம் கதவைத் தட்டினார்கள். அந்த வீட்டுக்காரர் மட்டும், "என் வீட்டு மணிய நான் அடிக்கறதுக்கு ரத்தம் எடுக்கறவங்ககிட்ட பர்மிஷன் கேக்கணுமா?" என்று முனகிக்கொண்டே தட்டினார்.

இத்தனை கண் இருந்தும், கூட்டத்தில் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது காதுதான். குக்குறுவான் எத்தனை மரம் தள்ளி உட்கார்ந்து தட்டுகிறது, கத்துகிற தவிட்டுக்குருவிகளில் எத்தனை குஞ்சு என்பதையெல்லாம் ஸ்கூட்டரை நிறுத்தாமலே சொல்லிவிடுவாள். ஒரு காலத்தில் பட்டியலின் 'கேட்டது' கட்டத்தில் பாதி டிக் அவளுடையதுதான். ஆனால் நான்கு கோடையாக அந்தக் கட்டத்தில் அவள் ஒரு டிக்கும் போடவில்லை. காது கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்ட பட்டியல்காரர், தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போகட்டுமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். "காதெல்லாம் நல்லா இருக்கு சார். கண்ணால பாத்தத மட்டும் எழுதறேன், விடுங்க" என்றாள்.

காது நன்றாக இருந்ததுதான் வினை.

அவளுக்கு ஒரு தங்கை, ஆறு வயது இளையவள். கல்லூரி நூலகத்தில் வேலை. ஸ்கூட்டரில் போனால் பத்து நிமிடத் தூரத்தில் வீடு. இருவரும் தினம் இரண்டு தடவையாவது பேசாமல் இருந்ததில்லை. கோடையில் விடாமல் கூவுகிற அக்காக்குயில் என்று ஒரு பறவை இருக்கிறது. அக்கா, அக்கா, அக்கா என்று ஒவ்வொரு தடவையும் குரலை ஒரு படி ஏற்றி, இதற்கு மேல் போனால் தொண்டை கிழிந்துவிடும் என்று நாம் பயப்படும் இடத்தில் சட்டென்று நிறுத்திவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். குரல் ஊரெல்லாம் கேட்கும், ஆள் மட்டும் இலைக்குள்ளேயே இருப்பான். ஊசியக்கா அதை எத்தனையோ கோடை கேட்டிருக்கிறாள், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒரு நாள் அந்தக் கூவலைப் போனில் பதிவு செய்து, தங்கை எண்ணுக்கு மட்டும் அதையே மணியாக வைத்தாள். "நீ கூப்பிட்டா குயில் கூப்பிடும்டி" என்றாள். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா பாத்துக்க. குயில்னு நெனச்சு மரத்துல ஏறிடப்போற" என்றாள்.

நான்கு கோடைக்கு முன் ஒரு காலை. முதல் வீட்டுக்கு நேரம் இருந்ததால் நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தோப்பில் வண்டியை நிறுத்தினாள். முந்தைய நாள் அங்கே அக்காக்குயில் கூவியதைக் கேட்டிருந்தாள், இன்று எப்படியும் பார்த்துவிடுவது என்று வந்திருந்தாள். பையை வண்டியில் மாட்டிவிட்டு முப்பது நாற்பது அடி உள்ளே போய் நின்றாள். ஆறு நாற்பதுக்குக் கூவல் கேட்டது. அக்கா, அக்கா, அக்கா. நின்றது. மறுபடி கேட்டது. மரக்கிளை ஒவ்வொன்றாகப் பைனாகுலரால் துழாவினாள். குரல் மங்கலாக, எதிலோ மூடிவைத்த மாதிரி வந்ததால் இலை அடர்ந்த மரம் என்று கணித்தாள். கழுத்து வலிக்க வலிக்கத் தேடிவிட்டு, காணாமல், "அக்காக்குயில், 6.40 முதல் 6.55 வரை, ஏழு தடவை, தென்கிழக்கு மூலை" என்று எழுதி, 'கேட்டது' கட்டத்தில் டிக் போட்டாள். தென்கிழக்கு மூலையில்தான் அவள் ஸ்கூட்டர் நின்றிருந்தது.

முதல் வீட்டின் முகவரி பார்ப்பதற்காகப் பையிலிருந்து போனை எடுத்தபோதுதான் ஏழு அழைப்புகள் இருந்ததைக் கண்டாள். அம்மா அப்போது தங்கை வீட்டில் இருந்தாள். விடிகாலையில் மூச்சுத் திணறல் வந்திருக்கிறது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டு தங்கை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "பெரியவ எடுத்தாளா? எடுத்தாளா?" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறாள். ஏழு ஐந்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பத்து நிமிடத் தூரம்தான்.

போன் சைலன்டில் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உலகத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், தங்கையும் அழுதுவிட்டு நம்பியிருப்பாள். இவள் சொல்லவில்லை. அன்று மத்தியானம் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, "சத்தம் கேட்டுச்சுடி. நான் குயில்னு நெனச்சுட்டேன்" என்றாள். தங்கை திரும்பிப் பார்த்தாள். "குயிலா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்துபோய், வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாள். இவளிடமும் ஒரு டம்ளரை நீட்டி, "குடிங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து அக்கா, நீ, வா, போ என்று பேசியவள். அந்த 'ங்க' என்கிற இரண்டெழுத்து நான்கு வருடமாக அப்படியே நிற்கிறது. சண்டை இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. சொந்தக்காரர் வீடுகளில் பார்த்தால், "வாங்க. சாப்பிட்டீங்களா? உடம்பு பரவால்லையா?" என்று முகம் பார்த்துக் கேட்பாள். ஆனால் அக்கா என்ற சொல் வாயில் வராமல் அவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுவாள். கூப்பிட வேண்டிய இடம் வந்தால் "இங்க பாருங்க" என்பாள். போனில் மட்டும் கூப்பிடுவதே இல்லை. ஊரே அக்கா என்று அழைக்கிற பெண்ணை, பிறப்புரிமையாக அப்படி அழைக்க வேண்டிய ஒருத்தி மட்டும் அழைப்பதில்லை. அந்த ஒரு குரலுக்காக அவள் உள்ளுக்குள் எப்படி ஏங்கிப்போயிருக்கிறாள் என்பது கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

தோப்பில் எழுதிய குறிப்பை அந்த வாரமே அழிக்கச் சொன்னாள். பட்டியல்காரர் அசல் கறார் பேர்வழி. "இந்தக் கோடையோட முதல் அக்காக்குயில், அதப்போய் எடுக்கச் சொல்றீங்களே, காரணம்?" என்றார். "தப்பா அடையாளம் சொல்லிட்டேன் சார்." "அப்போ அது எந்தப் பறவை? திருத்தத்துல போடணுமே." "பறவை இல்ல சார்" என்றாள். அவரும் 'தென்கிழக்கு மூலையில் கேட்டது பறவை அல்ல' என்று அந்த வருடத் திருத்தத்தில் அச்சடித்துவிட்டார். அது என்னவாக இருக்கும் என்று கண்டக்டரும் மருந்துக்கடைக்காரரும் ஒரு மாதம் வாதாடினார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், அந்த மணியையாவது மாற்றித் தொலை என்று சொல்லிப் பார்த்துவிட்டார். "மாத்திட்டா அவ கூப்பிடறது எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறாள். "பேரு வருமேம்மா ஸ்க்ரீன்ல." "பேரு வரும்" என்று ஒப்புக்கொள்கிறாள், மாற்றுவதில்லை. அக்காக்குயில் இன்னமும் எல்லாக் கோடையிலும் கூவுகிறது. ஞாயிற்றுக்கிழமை நடையில் அது கூவினால் மற்ற பதினாலு பேரும் அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார்கள். ஊசியக்கா மட்டும் அவசர அவசரமாகப் பையைத் திறந்து போனைப் பார்ப்பாள். திரையில் ஒன்றும் இருக்காது. பையை மூடிவிட்டு, "என்ன, கெடச்சானா?" என்று எல்லாரையும் போலக் கேட்பாள்.

இந்தக் கோடையில் மாங்குயில்தான் பிடிகொடுக்காமல் இருக்கிறது. கோடை பாதி போய்விட்டது, பதினைந்து பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பட்டியல்காரர் தினமும் காலையில், "மாங்குயில் கட்டம் காலியா இருக்கு, காலியா இருக்கு" என்று ஆள் ஆளுக்குச் செய்தி அனுப்பி உயிரை வாங்குகிறார். "மஞ்சள் மூடி வந்துச்சா அக்கா?" என்று கண்டக்டர் கேட்கிறார். "வரும், வரும்" என்று அவளும் பதில் போட்டுக்கொண்டிருந்தாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம், மறுநாள் போக வேண்டிய வீடுகளின் பட்டியல் நிலையத்திலிருந்து வந்தது. இரண்டாவதாகத் தங்கையின் பெயரும் முகவரியும் இருந்தன. தைராய்டு, சர்க்கரை, ரத்த அணுக்கள். தங்கை இத்தனை நாளும் வேறு நிலையத்துக்குத்தான் போய்வந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். பெயருக்கு எதிரே குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. நாய் இருக்கிறது, லிஃப்ட் இல்லை, மெதுவாகக் குத்தவும் என்றெல்லாம் அதில் எழுதுவார்கள். தங்கை, "அனுபவமுள்ளவரை அனுப்பவும்" என்று எழுதியிருந்தாள். நிலையத்தில் ரத்தம் எடுப்பவர்கள் மொத்தம் மூன்று பேர். மற்ற இருவரும் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஊசியக்கா அந்த இரண்டு சொல்லையும் நின்றுகொண்டு படித்தாள், உட்கார்ந்து படித்தாள், கணவரிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னாள். "இதுல என்ன இருக்கு, ஊசின்னா பயப்படறவ, கைதேர்ந்த ஆளக் கேக்கறா" என்றார் அவர். "அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

தங்கையே கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள். ஜன்னலோரமாக நாற்காலி போட்டு, கை வைக்க ஒரு தலையணையும் தயாராக இருந்தது. எதிரே சுவரோடு சுவராக நூலக அட்டை போட்ட புத்தகங்கள். ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், ஒரு பெரிய மரம். படியேறும்போதே ஊசியக்காவுக்குக் காதில் விழுந்துவிட்டது. புல்லாங்குழலில் ஒரு தடவை ஊதி நிறுத்துகிற குரல், பின்னாலேயே பூனை கத்துகிற மாதிரி ஒரு கரகரப்பு. சந்தேகமே இல்லை, மாங்குயில்.

கையுறை போட்டுக்கொண்டு, ரப்பர் பட்டையைக் கட்டினாள். "விரல மடக்கு" என்றாள். தங்கையின் கையைத் தொட்டு நான்கு வருடமாகிறது. உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது. "எல்லாருக்கும் வெளிய எதையாவது காட்டுவீங்களாமே. எதிர்வீட்டு அம்மா சொன்னாங்க" என்றாள் தங்கை. ஊசியக்கா விரல் நுனியால் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். தங்கை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மஞ்சளா ஒண்ணு வந்து உக்காந்திருக்கு. கண்ணுல மை போட்ட மாதிரி கறுப்பா கோடு. நல்ல மஞ்சள். இதோ, ஜன்னல் பக்கத்துலயே."

"இருக்கட்டும்."

"பாக்கலையா? தலையத் திருப்பினா போதும்."

"நீ பாரு. எனக்கு இங்க வேலை இருக்கு" என்றாள். குனிந்த தலை நிமிரவில்லை. மாங்குயில் மறுபடியும் ஒரு தடவை குரல் கொடுத்தது. நரம்பு விரலுக்கடியில் கிடைத்தது. ஸ்பிரிட் தடவினாள்.

ஊசி இறங்குவது தெரிந்துவிட்டால் எல்லாரும் அம்மா என்பார்கள். போலீஸ்காரர், பயில்வான், எண்பது வயதுக் கிழவர், யாராக இருந்தாலும் அந்த நொடியில் வாயில் வருவது அது ஒன்றுதான். இருபத்திரண்டு வருடத்தில் வேறு சொல்லை அவள் கேட்டதில்லை. பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த தங்கை, ஊசி தோலைத் துளைத்ததும், "அக்கா" என்றாள்.

சொன்னது அவளுக்கே தெரிந்ததோ இல்லையோ, கண்ணைத் திறக்கவில்லை. ஊசியக்கா முதல் குழாயைச் செருகினாள். ஊதா மூடி நிறைந்தது, சாம்பல் மூடி நிறைந்தது, மஞ்சள் மூடியும் நிறைந்தது. வெளியே சிறகடிக்கிற சத்தம் கேட்டது, கிளை ஆடி அடங்கியது. பட்டையை அவிழ்த்து, ஊசியை எடுத்து, துளைத்த இடத்தில் பஞ்சை வைத்தாள். வழக்கமாக அத்தோடு நோயாளியின் விரலை எடுத்துப் பஞ்சின்மேல் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவாள். அன்று தன் கட்டைவிரலையே பஞ்சின்மேல் வைத்து அழுத்தினாள். ரத்தம் நின்று வெகுநேரமான பிறகும் அந்த விரலை எடுக்கவில்லை.